சமவெளியில் பிறந்த புல்வெட்டி

கம்பளையிலிருந்து புசல்லாவை தாண்டி இறம்பொடைக்கு ஏறும் வீதி எந்த இடத்திலும் மலையை நேருக்கு நேர் ஏறுவதில்லை. வளைந்து, பக்கவாட்டில் ஓடி, மறுபடி வளைந்து, உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேடிக்கொள்கிறது. இரு பக்கமும் இருக்கும் தேயிலை மலைகளிலும் இதே கணக்குத்தான். நிரைகள் சரிவுக்குக் குறுக்கே போகின்றன, அவற்றின் நடுவே வெட்டிய கான்கள் மழைநீரைக் குறுக்கே நடத்திச் செல்கின்றன. இப்படிச் சரிவுக்கு மரியாதை கொடுத்தே எல்லாவற்றையும் அமைத்த ஊரில், ஒரு பொருளை மட்டும் சரிவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்குகிறார்கள். அது புல்வெட்டும் இயந்திரம். பழைய துரை பங்களாக்கள் சுற்றுலா விடுதிகளாகியிருக்கின்றன, வெளிநாட்டில் உழைத்த பணத்தில் பெரிய வளவோடு வீடு கட்டுவோரும் இருக்கிறார்கள். இவர்களுக்கு 'சீரோ டேர்ன்' எனப்படும், ஏறி அமர்ந்து ஓட்டும் புல்வெட்டியின் மேல் ஆசை வருவது இயல்பு. வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது, எத்தனை ஏக்கருக்கு எந்த மாடல் என்பதைத்தான். மலைநாட்டில் அந்தக் கேள்வி இரண்டாவதாகத்தான் வரவேண்டும். நிலம் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது, மழை நாளில் அது எப்படி இருக்கும் என்பவற்றுக்கு விடை தெரிந்த பிறகே ஏக்கர் கணக்குக்கு வரலாம்.

இதற்கான காரணம் அந்த இயந்திரத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் ஊரில் எட்வின் பியர்ட் பட்டிங் முதல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின் மேல் எழும்பி நிற்கும் இழைகளைச் சீராக நறுக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்தே அவருக்கு அந்த யோசனை வந்தது. அதன்பின் நூறாண்டுக்கு மேலாகப் புல்வெட்டிகள் பலவாறு மாறினாலும் ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. மரத்தைச் சுற்றியும் பாத்தி ஓரத்திலும் திரும்பும்போது, ஏறி ஓட்டும் வண்டி பெரிய வட்டம் போடும், வெட்டாத புல் தங்கிவிடும். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் மாக்ஸ் சுவிஷரும், 1960களின் தொடக்கத்தில் கான்ஸஸ் மாநிலத்தின் ஹெஸ்டனில் ஜான் ரெஜியரும் இந்தத் தொல்லையைத் தீர்க்க முனைந்தவர்கள். நின்ற இடத்திலேயே சுழலும் புல்வெட்டி அவர்களிடமிருந்து வந்தது. ஹெஸ்டன் கோதுமை விளையும் சமவெளி. அந்த நிலத்தில் உருவான இயந்திரம் அந்த நிலத்தின் பிரச்சினையைத்தான் தீர்த்தது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் வேறொரு நிலத்துக்குக் கொண்டுவருபவர் இதை மறக்கக்கூடாது.

இயந்திரம் எப்படித் திரும்புகிறது என்று பார்த்தால் மற்றவை தானாக விளங்கும். காரைப் போல முன்சில்லுகளைத் திருப்பும் ஏற்பாடு இதில் இல்லை. பின்சில்லுகள் இரண்டும் தனித்தனியாக இயங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஒரு பம்பும் மோட்டாரும் உண்டு, அவற்றைக் கட்டுப்படுத்த ஓட்டுபவரின் மடிக்கு மேலே இரண்டு கைப்பிடிகள் உண்டு. இரண்டையும் ஒன்றாக முன்னே தள்ளினால் நேராகப் போகும். ஒன்றைக் கூடவும் மற்றதைக் குறைவாகவும் தள்ளினால் வளையும். ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் தள்ளினால் நின்ற இடத்திலேயே பம்பரம்போலச் சுழலும். முன்சில்லுகள் அலுவலக நாற்காலியின் உருளைகளைப் போன்றவை, எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். வேகத்தைக் குறைப்பதும் அதே கைப்பிடிகளால்தான், அவற்றை நடுநிலைக்குக் கொண்டுவந்தால் வண்டி நிற்கும். வீட்டு உபயோகத்துக்கான பல மாடல்களில் தனியாகக் கால் பிரேக் கிடையாது, நிறுத்தி வைப்பதற்கான பிரேக் மட்டுமே உண்டு. அதாவது ஓடுவது, திரும்புவது, நிற்பது ஆகிய மூன்று வேலைகளும் இரண்டு பின்டயர்கள் தரையைப் பற்றுவதையே நம்பியிருக்கின்றன.

சமநிலத்தில் இது அருமையான ஏற்பாடு. நான்கு அடி அகல வெட்டுத்தட்டுள்ள வண்டி மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் போனால், திரும்பும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் ஓர் ஏக்கரை அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் முடித்துவிடும். பின்னால் நடந்து தள்ளும் 21 அங்குல இயந்திரத்தில் அதே வேலைக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். மரமும் பூம்பாத்தியும் நிறைந்த இடத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது, ஓரங்களைப் பிறகு கையால் திருத்தும் வேலையும் மிச்சமாகிறது. நுவரெலியா நகரம் மலைகளுக்கு நடுவே தட்டுப் போல அமைந்திருப்பதால், அங்கே குதிரைப் பந்தயத் திடலைப் போன்ற அகன்ற சமநிலங்கள் உண்டு. அத்தகைய இடத்துக்கு இந்த இயந்திரத்தைத் தயங்காமல் சொல்லலாம்.

சரிவில் கதை மாறுகிறது. வண்டியின் எடையில் பெரும்பகுதி பின்சில்லுகளின் மேல் இருக்கிறது. மேல்நோக்கி ஏறும்போது அது இன்னும் பின்னே சாய்கிறது, முன்பக்கம் இலேசாகிறது, கைப்பிடியை வெடுக்கென்று தள்ளினால் முன்பக்கம் தூக்கும். கீழ்நோக்கி இறங்கும்போது எடை முன்னே போகிறது. முன்சில்லுகளோ சும்மா உருள்பவை. எடை குறைந்த பின்டயர்கள் வழுக்கத் தொடங்கினால், கைப்பிடிகளை நடுநிலைக்கு இழுத்தாலும் பயனில்லை. சில்லு நின்றுவிடும், வண்டி நிற்காது. இவற்றைவிடப் பலர் எதிர்பாராதது குறுக்கே போகும்போது நேர்வது. முன்சில்லுகள் சரிவைத் தடுக்காததால் வண்டியின் மூக்கு எப்போதும் பள்ளத்தையே நாடும். அதை நேராக வைத்திருக்க ஓட்டுபவர் பள்ளத்துப் பக்கச் சில்லைக் கூடுதலாகத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். மேட்டுப் பக்கச் சில்லு ஏற்கெனவே எடை இழந்திருக்கிறது. பள்ளத்துச் சில்லும் ஈரப்புல்லில் ஒரு கணம் சறுக்கினால் மூக்கு கீழே திரும்பிவிடும். திரும்பியதும் எடை முன்னே போகும், பின்டயர்கள் இன்னும் இலேசாகும், திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. கண் மூடித் திறப்பதற்குள் நடந்து முடியும் சங்கிலி இது. அடுத்திருப்பது கல்கட்டின் விளிம்பு என்றால், சில நூறு கிலோ எடையுள்ள வண்டி ஓட்டுபவரோடு சேர்ந்து விழும்.

தயாரிப்பாளர்களும் இதை மறைப்பதில்லை. கையேட்டைத் திறந்தால் 10 பாகை அல்லது 15 பாகைக்கு மேல் ஓட்டாதே என்ற எச்சரிக்கை இருக்கும். இந்த எண்கள் காகிதத்தில் சிறியவையாகத் தோன்றும், தரையில் இன்னும் சிறியவை. நான்கு அடி நீளமான நேரான சட்டத்தின் ஒரு முனையைப் புல்லில் வைத்து, நீர்மட்டம் பார்த்துக் கிடையாகப் பிடித்து, மறுமுனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். எட்டரை அங்குலம் என்றால் அதுவே 10 பாகை, பதின்மூன்று அங்குலம் என்றால் 15 பாகை. மலையில் வளர்ந்த கண்ணுக்குப் 'பரவாயில்லாத மட்டம்' என்று தோன்றும் பல இடங்கள் இந்த அளவுக்கு மேலேதான் இருக்கும். இதோடு நம் மழையையும் சேர்க்கவேண்டும். புல் வேகமாக வளர்வது மழைக்காலத்தில், அடிக்கடி வெட்டவேண்டி வருவதும் அப்போதுதான். மாசி வெயிலில் புல் காய்ந்து பிடிப்பு நன்றாக இருக்கும்போது வெட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. ஆகவே கையேட்டு எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நம் பனிக்கும் ஈரத்துக்கும் அதில் கொஞ்சம் குறைத்துக்கொள்வதே சரி. 10 பாகைக்கு மேல் சாய்ந்த எந்தத் துண்டிலும் சீரோ டேர்னை இறக்காமல் இருப்பது என் தீர்ப்பு.

இதற்கு மறுப்புகள் உண்டு. நம் ஆட்கள் சரிவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், பழக்கத்தால் சமாளிப்பார்கள் என்பது முதலாவது. மலையில் கொழுந்து எடுத்தவரின் கால், சறுக்கும் மண்ணைப் பாதத்தால் உணர்ந்து, எடையை நொடியில் மாற்றிக்கொள்ளும். அந்த அறிவு உண்மையானது, பெரியது. ஆனால் இருக்கையில் அமர்ந்தவரின் பாதம் தரையில் இல்லை. டயர் பிடிப்பை இழந்த செய்தி அவருக்கு எட்டும்போது வண்டி நகர்ந்திருக்கும். இரண்டாவது மறுப்பு கவிழ்வுக் காப்புக் கம்பி பற்றியது. இருக்கைக்குப் பின்னே நிற்கும் அந்த வளைவும் இருக்கைப் பட்டியும் உயிர்களைக் காத்திருக்கின்றன, பெரிய வண்டி வாங்குகிறவர் அது இல்லாமல் வாங்கக்கூடாது. ஆனாலும் கவிழ்ந்த பிறகு நசுங்காமல் காப்பதே அதன் வேலை, வழுக்குவதை அது தடுக்காது. மரக்கிளை தட்டுகிறது என்று கம்பியை மடித்துவிட்டுப் பட்டியை மட்டும் போட்டுக்கொண்டால் அதுவே ஆளை வண்டியோடு கட்டிவைத்துவிடும். மூன்றாவது மறுப்புக்குக் கனம் கூடுதல். கைப்பிடிகளுக்குப் பதிலாக ஸ்டியரிங் வைத்து, முன்சில்லுகளையும் சேர்த்துத் திருப்பும் மாடல்கள் இப்போது இருக்கின்றன. குறுக்குச் சரிவில் மூக்கு பள்ளம் தேடும் நோயை அவை பெருமளவு குறைக்கின்றன. 10 பாகைக்கு உள்ளே இருக்கும் மேடுபள்ளமான வளவுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இவற்றையே. ஆனால் தள்ளுவதும் நிறுத்துவதும் இவற்றிலும் பின்சில்லுகள்தான், எல்லையைத் தாண்ட இவையும் அனுமதி தருவதில்லை.

இந்த விஷயத்தில் நான் விடாப்பிடியாக இருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. வாங்குபவர் ஒருவர், ஓட்டுபவர் வேறொருவர். இருக்கையில் அமரப்போவது பங்களாத் தோட்டக்காரர். கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது, அது அலுவலக மேசையில் தங்கிவிடும். 'அந்த மூலையையும் வெட்டிவிடு' என்று முதலாளி சொல்லும்போது முடியாது என்று சொல்லத் தோட்டக்காரருக்கு இடமிருக்காது. எந்தத் துண்டில் வண்டி போகலாம், எதில் போகக்கூடாது என்பதை வாங்குபவரே அளந்து, தமிழில் எழுதி, நிலத்தில் குச்சி நட்டுக் காட்டுவது அவருடைய கடமை.

உயரமும் ஒரு வரி வசூலிக்கிறது. மேலே போகப் போகக் காற்று மெலிவதால், கார்புரேட்டர் வைத்த சாதாரணப் பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறக்குறைய 3.5 வீதம் வலுவை இழக்கும். இறம்பொடையில் பத்தில் ஒரு பங்கு போகும், 1868 மீற்றர் உயரமான நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு. கடையில் 23 குதிரைவலு என்று ஒட்டியிருக்கும் எஞ்சின் அங்கே 18 மாதிரித்தான் வேலை செய்யும். அம்பேவலை மேய்ச்சல் நிலங்களில் காணும் கிக்குயு புல் உங்கள் வளவிலும் பரவியிருந்தால், மெத்தைபோல் அடர்ந்த அதை ஈரத்தோடு வெட்ட வலு நிறையவே வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்து நினைத்து எஞ்சினில் ஒரு படி கூட்டி வாங்குவது வீண்செலவாகாது. வெட்டுத்தட்டின் அகலத்தில் மட்டும் ஒரு படி குறைத்தே வாங்கலாம். படிகட்டு நிலத்தில் ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்குப் போகும் சாய்பாதையும் வாசல் கேற்றும் எத்தனை அகலம் என்பதே அங்கே கடைசி வார்த்தை.

சாய்ந்த துண்டுகளை என்ன செய்வது? சரிவிலேயே வாழும் மற்றவர்களைப் பார்க்கலாம். ஆல்ப்ஸ் மலை உழவர்கள் செங்குத்தான புல்வெளிகளில் பயன்படுத்துவது, பின்னால் நடந்து நடத்தும் இரண்டு சில்லு இயந்திரத்தை. தாழ்ந்த உடல், அகன்ற அச்சு, தேவைப்பட்டால் மண்ணைக் குத்திப் பிடிக்கும் முள் சில்லு. சுவிட்சர்லாந்தின் பூர்க்டோர்ஃபில் 1883இல் தொடங்கிய ஏபி நிறுவனம் போன்றவை இந்த வழியில் வளர்ந்தவை. வழுக்கினாலும் ஆள் கைவிட்டு விலகிக்கொள்ளலாம் என்பது இந்த இயந்திரத்தின் பெரிய நன்மை. நமக்கு எளிதில் கிடைப்பது தோளில் மாட்டும் புல்வெட்டும் மெஷின். பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து எரிக்கும் இரண்டு வீச்சு எஞ்சின் எந்தச் சாய்விலும் வரளாமல் ஓடும். ஏறி ஓட்டும் வண்டிகளின் எஞ்சினில் எண்ணெய் அடியில் தேங்கி நிற்பதால், அதிகச் சாய்வில் நெடுநேரம் ஓடினால் எண்ணெய் கிடைக்காமல் உள்ளே தேய்மானம் வரும். ஆள் கிடைப்பதில்லை, இதற்கெல்லாம் நேரமாகும் என்பார்கள். உண்மைதான். அப்படியானால் அந்தச் சரிவைப் புல்தரையாக வைத்திருக்கத்தான் வேண்டுமா என்றும் கேட்கவேண்டும். வெட்டிவேரை வரிசையாக நட்டாலும், தேயிலையையே குறுக்கு நிரையாக விட்டாலும், மண்ணும் நிற்கும், வாராவாரம் வெட்டும் வேலையும் இருக்காது.

மிஞ்சும் சமதட்டில் சீரோ டேர்ன் தாராளமாக ஓடட்டும். கல்கட்டு விளிம்பிலிருந்தும் கானிலிருந்தும் வண்டியின் அகலத்தைப்போல் இரு மடங்கு தள்ளி ஓர் எல்லை பிடித்து, அந்தக் கோட்டில் செவ்வந்தியோ குட்டைச் செடியோ நிரையாக நட்டுவிடலாம். செடிக்கு அப்பாலுள்ள பட்டையைத் தோளில் மாட்டும் மெஷினால் நடந்து வெட்டிக்கொள்ளலாம். இந்த நிரையை வண்டி வந்து இறங்குவதற்கு முன்பே நட்டிருக்கவேண்டும்.