கப்பல் பினாங்கில் நிற்கும் எட்டு மணி நேரத்தில் எரிமலை பார்க்க முடியுமா?

சிங்கப்பூரில் ஏறி, போர்ட் கிள்ளான், பினாங்கு, புக்கெட் என்று சுற்றிவிட்டுத் திரும்பும் சொகுசுக் கப்பல்களில் தமிழ்நாட்டுக் குடும்பங்களை இப்போது நிறையப் பார்க்கலாம். பினாங்கில் காலையில் கரை சேரும் கப்பல் பெரும்பாலும் மாலையில் கிளம்பிவிடும். அந்த இடைவெளியில் ‘பக்கத்தில்தானே இந்தோனேசியா, ஓர் எரிமலையையும் பார்த்துவிடலாமே’ என்ற ஆசை சிலருக்கு வருகிறது. அது தொடர்பாக அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

பினாங்கில் எரிமலை உண்டா?

கிடையாது. மலேசியத் தீபகற்பம் முழுவதிலும் உயிருள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை. பழைய எரிமலைகளின் மிச்சங்கள் போர்னியோ தீவில், சபா மாநிலத்தின் தாவாவ் பக்கம் இருக்கின்றன. அது பினாங்கிலிருந்து கடல் கடந்து போகவேண்டிய ஊர்.

பினாங்குத் தீவின் நடுவே நிற்கும் கொடிமலை (மலாயில் புக்கிட் பெண்டேரா) 833 மீட்டர் உயரம். அதன் உடம்பு முழுக்கக் கருங்கல். பூமிக்கடியில் உருகிய பாறைக்குழம்பு மேலே வர வழியின்றி ஆழத்திலேயே மெல்ல ஆறி இறுகினால் கருங்கல் ஆகும். பினாங்கில் அது நடந்து ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மேலே மூடியிருந்த மண்ணும் பாறையும் மழையில் கரைந்துபோனதால் இன்று அது மலையாக நிற்கிறது. வெடிக்காமலே அடங்கிப்போன எரிமலை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். புவியியல்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கப்பல் தளத்திலிருந்து வடக்கே ஒற்றையாக எழுந்து நிற்கும் மலை?

அது கெடா மாநிலத்தின் குனோங் ஜெராய், 1,217 மீட்டர். தனியாக நிற்பதால் எரிமலை போன்ற தோற்றம், எரிமலை இல்லை. வங்கக் கடலைத் தாண்டி வந்த பழைய மாலுமிகளுக்கு அதுதான் கரையின் அடையாளம். அதன் அடிவாரத்தில் இருப்பது பூஜாங் பள்ளத்தாக்கு, நம் கல்வெட்டுகள் சொல்லும் கடாரம். ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்த கரை இது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எரிமலை இல்லாத ஏமாற்றம் பாதி தீரும்.

மலேசியாவில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. பேராக்கில் சுங்கை கிளா, கெடாவில் உலு லெகோங். மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மேலே வருவதுதான் அது. ஊற்று கொதிப்பதாலேயே பக்கத்தில் எரிமலை இருந்தாக வேண்டும் என்பதில்லை.

நீரிணைக்கு அக்கரையில், இந்தோனேசியாவின் சுமத்ராவில் மட்டும் எரிமலைகள் வரிசையாக இருப்பது ஏன்?

சுமத்ராவின் மேற்குக் கரையை ஒட்டிக் கடலுக்கடியில் ஒரு புவித்தட்டு இன்னொன்றின் கீழே சொருகிக்கொண்டு போகிறது. அது ஆழத்துக்கு இறங்கும் இடத்துக்கு மேலேதான் பாறை உருகி எரிமலைகள் முளைக்கின்றன. அந்த வரிசை சுமத்ராவின் முதுகெலும்பாக ஓடுகிறது. பினாங்கு அதிலிருந்து ஒதுங்கிக் கிழக்கே இருக்கிறது.

ஆனால் ஒதுங்கியிருந்தால் தப்பிவிட்டோம் என்று அர்த்தமில்லை. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தபோது பறந்த சாம்பல் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கிலும் படிந்தது, ஆந்திராவின் ஜ்வாலாபுரத்திலும் படிந்தது. இரண்டு இடங்களிலும் ஆய்வாளர்கள் அந்தச் சாம்பல் படிவைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள்.

கப்பலை விட்டு இறங்கி, விமானத்தில் சுமத்ராவின் மேடான் நகருக்குப் போய், எரிமலை பார்த்துத் திரும்பலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். துறைமுகத்திலிருந்து பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு முக்கால் மணி நேரம். சோதனைகளுக்கு இரண்டு மணி. பறப்பது ஏறக்குறைய ஒரு மணி. மேடானின் குவாலாநாமு விமான நிலையத்தில் இறங்கி, இந்தோனேசியக் குடிநுழைவு முடித்து, சிபாயாக், சினாபுங் எரிமலைகள் தெரியும் பெராஸ்தாகி ஊருக்கு மலைச்சாலையில் இரண்டரை, மூன்று மணி. போவதற்கே ஏழு மணி நேரம். திரும்பி வரும்போது கப்பல் புக்கெட் பாதையில் போய்க்கொண்டிருக்கும்.

மேடானுக்குத் தனியாக மூன்று நாள் ஒதுக்கிப் போவது நல்ல யோசனை. கம்போங் மெட்ராஸ் என்றே அங்கே ஒரு வட்டாரம் இருக்கிறது. 1884-இல் எழுந்த மாரியம்மன் கோயிலும் அங்கேதான். சினாபுங் மட்டும் எச்சரிக்கைக்குரியது. சுமார் 400 ஆண்டுகள் உறங்கிக் கிடந்த அந்த மலை 2010-இல் விழித்தது. 2014 பிப்ரவரியில் கிட்டத்தில் போனவர்களைச் சூடான சாம்பல் மேகம் சுருட்டிக்கொண்டது. இறந்தவர்களில் மாணவர்களும் இருந்தார்கள்.

சரி, இருக்கும் நேரத்தில் என்ன பார்க்கலாம்?

என் ஓட்டு கொடிமலைக்குத்தான். சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து ஆயர் ஈத்தாமில் உள்ள கீழ் நிலையத்துக்கு ‘கிராப்’ காரில் அரை மணி நேரம், நெரிசல் இருந்தால் முக்கால் மணி. செலவைச் சுருக்க நினைப்பவர்கள் வெல்ட் கீ படகுத்துறை நிலையத்தில் 204-ஆம் எண் பேருந்தைப் பிடிக்கலாம்.

மேலே ஏற்றுவது, பழனி வின்ச்சைப் போல வடம் கட்டி இழுக்கும் ரயில். 1923-இல் ஓடத் தொடங்கியது. முன்பெல்லாம் பாதி வழியில் வண்டி மாறவேண்டும். 2011-இல் புதுப்பித்த பிறகு ஒரே மூச்சில் சில நிமிடங்களில் மேலே போய்விடும். உச்சியில் காற்று குளிர்ந்திருக்கும். அங்கேயும் ஒரு முருகன் கோயில், அருளொளி திருமுருகன். 2021-இல் யுனெஸ்கோ இந்த மலைக்காட்டை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

சிக்கல், கீழே நிற்கும் வரிசைதான். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க நேரலாம். காலையில் முதல் வேலையாக மலைக்குப் போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் மேகம் மூடினால் வெள்ளைத் திரையைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும். பராமரிப்புக்காக ரயிலை நிறுத்தும் நாள்களும் உண்டு, முதல்நாளே பார்த்துக்கொள்ளவும். வரிசை மிரட்டினால் தண்ணீர்மலை முருகனிடம் போகலாம்: 513 படிகள், வரிசை கிடையாது. முட்டிவலிக்காரர்கள் துறைமுகத்திலிருந்து நடந்தே லிட்டில் இந்தியா போய், குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலைக் கும்பிட்டு, வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு வரலாம்.

எந்தக் கடிகாரத்தை நம்புவது?

கப்பலின் கடிகாரத்தை. மலேசிய நேரம் தாய்லாந்தைவிட ஒரு மணி முன்னால் ஓடுகிறது. கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும், கப்பல் நேரம் மாறாமலும் இருக்கலாம். கப்பல் கிளம்பும் நேரம் வேறு, கடைசியாக ஏறவேண்டிய நேரம் வேறு. பின்னது அரை மணியோ ஒரு மணியோ முன்னதாக வரும். அதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே மலையிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். சொந்தமாகப் போனவருக்காக நிற்காது.

வேறு துறைமுகங்களில் எரிமலைச் சுற்றுலா விற்கிறார்களே, அது பாதுகாப்பா?

பாலியின் பெனோவாவில் இறங்கி, பத்தூர் எரிமலை எதிரே தெரியும் கிந்தாமணிக்குப் போகலாம். ஹவாயின் ஹீலோவிலிருந்து கிலாவேயா ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். தொலைவில் நின்று பார்ப்பது ஒன்று, எரிமலையின் வாய்க்குள் இறங்குவது வேறொன்று. 2019 டிசம்பர் 9-ஆம் தேதி நியூசிலாந்தின் வகாரி தீவு எரிமலை வெடித்தபோது அங்கே 47 பேர் இருந்தார்கள். 38 பேர் ஒரே சொகுசுக் கப்பலில் இருந்து வந்தவர்கள். மொத்தம் 22 பேர் இறந்தார்கள். மூன்று வாரங்களுக்கு முன்பே அந்த எரிமலையின் எச்சரிக்கை நிலை இரண்டாக உயர்த்தப்பட்டிருந்தது. சுற்றுலா நிற்கவில்லை.

ஆகவே கப்பலே விற்கிறது என்பதை மட்டும் வைத்துத் துணிய வேண்டாம். இந்தோனேசியாவில் எச்சரிக்கை நான்கு படி: நோர்மல், வஸ்பாடா, சியாகா, ஆவாஸ். எந்த எரிமலை இன்று எந்தப் படியில் இருக்கிறது என்பதை அந்நாட்டு அரசின் ‘மாக்மா இந்தோனேசியா’ தளத்தில் யாரும் பார்க்கலாம். பணம் கட்டுவதற்கு முன் சுற்றுலா மேசையில் இருப்பவரிடம், மலை இன்று எந்தப் படியில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் டிக்கெட் வாங்காதீர்கள்.