‘ஜோடிதானே’ன்னு ஒரே கூண்டுல விட்டுடாதீங்க! புதுப் பறவையைப் பழைய பறவையோடு பழக்குவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எந்தப் பெட் ஷாப்பில் நின்றாலும் இந்தக் குரலைக் கேட்கலாம். "வீட்டுல ஒண்ணு தனியா இருக்கு, பாவமா இருக்கு. ஜோடிக்கு ஒண்ணு குடுங்க." ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் புதுப் பறவை வீட்டுக்கு வரும். கூண்டுக் கதவைத் திறந்து உள்ளே விடுவார்கள். பிள்ளைகள் போனில் வீடியோ எடுப்பார்கள். மறுநாள் காலையில் கூண்டுக்கு அடியில் விரித்த பேப்பரில் ரத்தத்துளி இருக்கும். இல்லையென்றால், பத்து நாள் கழித்து இரண்டு பறவையுமே இறகை உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும்.

பறவைக்குத் துணை தேடுவது நல்ல எண்ணம்தான். பட்ஜீஸ், காக்டெய்ல், ஃபின்ச் எல்லாம் கூட்டமாக வாழும் இனங்கள். ஆனால், ஏற்கெனவே இருக்கும் பறவைக்கு அந்தக் கூண்டுதான் வீடு. அங்கே திடீரென நுழைகிறவர் விருந்தாளியா, எதிராளியா என்று அதற்குத் தெரியாது. அதனால் அவசரப்படாமல், படிப்படியாகப் பழக்க வேண்டும்.

நீங்க வாங்கினது எந்த ‘லவ் பேர்ட்ஸ்’?

நம் ஊரில் பெரும்பாலும் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று சொல்லி விற்கப்படுவது பட்ஜீஸ். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, 30 முதல் 40 கிராம் எடையுள்ள சின்னப் பறவை. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம். கடைகளில் ‘ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்’ என்பார்கள். வால் குட்டை, உடம்பு குண்டு, அலகு பெரியது.

பெயர்க் குழப்பத்தில் இந்த இரண்டையும் ஒரே கூண்டில் விடுவதுதான் பெரிய ஆபத்து. பெயரில் லவ் இருந்தாலும், மற்ற இனப் பறவைகளிடம் ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் கடுமையாகச் சண்டை போடும். பட்ஜீஸின் கால் விரலைக் கடித்துத் துண்டாக்கும் அளவுக்கு அதன் அலகில் பலம் உண்டு. 35 கிராம் எடையுள்ள ஒரு பட்ஜியின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. நமக்குச் சின்னக் கீறலாகத் தெரிவது அதற்கு உயிர்ப் பிரச்னை.

எனவே, முடிந்தவரை ஒரே இனத்தில் துணை தேடுங்கள். பட்ஜீஸும் காக்டெய்லும் இடம் தாராளமாக இருந்தால் சேர்ந்து இருக்கும். அப்போதும் சாதுவான காக்டெய்லைச் சின்னப் பட்ஜி விரட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபின்ச்சைக் கிளி வகைகளோடு சேர்க்கவே வேண்டாம்.

பட்ஜீஸில் இரண்டு ஆண்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும். இரண்டு பெண்கள் இருந்தால் சண்டைக்கு வாய்ப்பு அதிகம். அலகுக்கு மேலே மூக்குத்துளை உள்ள பகுதியைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு அது பொதுவாக நீலமாகவும், பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும். சில நிற வகைகளிலும் குஞ்சுகளிலும் இந்த அடையாளம் பொருந்தாது.

இன்னொரு விஷயம். துணைக்கு என்று பச்சைக்கிளியையோ மைனாவையோ யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம்.

முதல் 30 நாள்: தனி அறை

புதுப் பறவை வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அதைப் பழைய பறவையின் கண்ணில் காட்டாமல் தனி அறையில் வைப்பது. குறைந்தது 30 நாள், முடிந்தால் 45 நாள். ஹாலின் இந்த மூலையில் ஒன்று, அந்த மூலையில் ஒன்று என்று வைப்பது தனிமைப்படுத்துதல் ஆகாது. காய்ந்த எச்சமும் இறகுத்தூசியும் காற்றில் பறந்தே நோயைக் கொண்டுபோகும்.

ஏன் இவ்வளவு நாள்? பறவைகள் நோயை மறைப்பதில் கெட்டி. காட்டில் சோர்வாகத் தெரிந்தால் கழுகோ பூனையோ முதலில் அதைத்தான் குறிவைக்கும். அதனால் நோய் முற்றும் வரை நன்றாக இருப்பதுபோலவே இருக்கும். கடையில் துறுதுறுவென்று இருந்தது என்பதை வைத்து ஆரோக்கியத்தை முடிவு செய்ய முடியாது.

கிளி வகைகளில் வரும் ‘சிட்டகோசிஸ்’ எனும் கிளிக்காய்ச்சல் மனிதர்களுக்கும் தொற்றும். 1929-30-ல் தென் அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதியான கிளிகள் மூலம் இது பல நாடுகளில் பரவி, உயிர்ப்பலி வாங்கியது. இன்று ஆன்டிபயாடிக் மருந்துகளால் குணப்படுத்தலாம். ஆனால், சரியான நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டும். பறவை வளர்க்கும் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் விடாமல் இருந்தால், ‘வீட்டில் பறவை இருக்கிறது’ என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அந்த 30 நாளில் கவனிக்க வேண்டியவை:

* தீனி, தண்ணீர், சுத்தம் எல்லாம் பழைய பறவைக்கு முதலில், புதுப் பறவைக்குப் பிறகு. நடுவில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கிண்ணங்களை மாற்றி வைக்காதீர்கள்.
* அடித்தட்டுப் பேப்பரைத் தினமும் மாற்றுங்கள். காய்ந்த எச்சத்தைச் சுரண்டாமல், தண்ணீர் தெளித்து ஈரமாக்கித் துடைக்கவும். மாஸ்க் போட்டுக்கொள்வது நல்லது.
* இரண்டு நாளுக்கு ஒருமுறை கிச்சன் தராசில் எடை பாருங்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே டாக்டரிடம் போக வேண்டும். நிறையச் சாப்பிட்டும் மெலிவது குடல் நோயின் அறிகுறியாக இருக்கலாம்.
* கண், மூக்கில் நீர் வடிதல், தண்ணீராகப் போகும் எச்சம், மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுதல், அலகைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியது போன்ற படை இவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்காதீர்கள்.
* அந்த அறை சமையலறையாக இருக்கக் கூடாது. நான்-ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை பறவையை நிமிடங்களில் கொல்லும். கொசுவத்தி, ஊதுவத்திப் புகையும் வேண்டாம்.

ஜோடியில் ஒன்று இறந்துபோய்விட்டது என்றால், அன்றைக்கே இன்னொன்றை வாங்க ஓடாதீர்கள். அது எதனால் இறந்தது என்பது முக்கியம். தொற்றுநோய் என்றால் மிச்சமிருக்கும் பறவையிடமும் அது இருக்கலாம். அதைப் பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, கூண்டைக் கழுவி நன்றாக வெயிலில் காயவைத்த பிறகு யோசிக்கலாம்.

அடுத்தது: கூண்டுக்குக் கூண்டு

30 நாள் நல்லபடியாக முடிந்ததா? இப்போது இரண்டு கூண்டையும் ஒரே அறைக்குக் கொண்டுவாருங்கள். முதலில் அறையின் எதிரெதிர்ப் பக்கம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குங்கள். கடைசியில் பக்கத்தில் வைத்தாலும் நடுவே ஒரு ஜாண் இடைவெளி இருக்கட்டும். கம்பியில் தொற்றிக்கொண்டிருக்கும் பறவையின் விரலை அடுத்த கூண்டுப் பறவை கடிப்பது அடிக்கடி நடக்கும்.

ஒன்று கூப்பிட மற்றொன்று பதில் கொடுப்பது, ஒரே நேரத்தில் சாப்பிடுவது, கூண்டின் பக்கத்துப் பக்கத்து மூலைகளில் தூங்குவது எல்லாம் நல்ல அறிகுறிகள். இறகை ஒட்டிவைத்து, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து பாய்வது, தீனி எடுக்காமல் இருப்பது ஆகியவை தெரிந்தால், கூண்டை மறுபடி தள்ளிவையுங்கள். ஒரு வாரம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

முதல் சந்திப்பு

இருவருக்கும் சொந்தமில்லாத பொது இடத்தில், அதாவது கூண்டுக்கு வெளியே நடக்கட்டும். நாள் முழுக்க வீட்டில் இருக்கும் விடுமுறை நாளில், காலை நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டும் நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

அதற்கு முன் சீலிங் ஃபேனை அணையுங்கள். ஜன்னல், கதவைச் சாத்துங்கள். கண்ணாடியைத் துணியால் மூடுங்கள். வாளி, பாத்திரத்தில் தண்ணீர் திறந்திருந்தால் மூடிவிடுங்கள். பூனை, நாய் வெளியே. தீனியை ஒரே கிண்ணத்தில் வைக்காமல், தள்ளித் தள்ளி இரண்டு இடத்தில் வையுங்கள்.

முதல் நாள் பத்து நிமிடம் போதும். லேசாக அலகால் இடிப்பது, "தள்ளிப் போ" என்று கத்துவது எல்லாம் சகஜம். அதற்குள் கையை விட்டுப் பஞ்சாயத்து செய்ய வேண்டாம். ஆனால் விரல், கண்ணைக் குறிவைத்துக் கடித்தாலோ, விடாமல் விரட்டினாலோ, இரண்டும் கட்டிப்புரண்டாலோ உடனே ஒரு துண்டை நடுவே போட்டுப் பிரியுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் மெதுவாக அழுத்திப் பிடித்தபடி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பறவையின் மார்பை மட்டும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. மார்பு அசைந்தால்தான் அதனால் மூச்சு விட முடியும்.

ஒரே கூண்டுக்குள்

தினமும் சந்தித்துச் சண்டையில்லாமல் ஒரு வாரமாவது போன பிறகுதான் இது. புதிய, பெரிய கூண்டு ஒன்று வாங்கி இரண்டையும் ஒன்றாக விடுவது நல்லது. பழைய கூண்டேதான் என்றால், நன்றாகக் கழுவி, குச்சி, ஊஞ்சல், கிண்ணம் எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். பழைய பறவைக்கும் அது புது இடமாகத் தெரியும்.

தீனிக் கிண்ணம் இரண்டு, தண்ணீர்க் கிண்ணம் இரண்டு வேண்டும். ஒரே உயரத்தில் குறைந்தது இரண்டு குச்சிகள் இருக்கட்டும். உயரமான குச்சிக்குத்தான் போட்டி அதிகம். முட்டையிடும் பானையை எடுத்துவிடுங்கள். சண்டைக்கு முக்கியக் காரணமே அதுதான். முதல் சில நாள் பகலில் மட்டும் சேர்த்துவைத்து, இரவில் தனித்தனிக் கூண்டில் தூங்கவிடுங்கள்.

சேரவே இல்லையென்றால்?

சில பறவைகள் எவ்வளவு பழக்கினாலும் ஒன்று சேராது. அதை வற்புறுத்த முடியாது. பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் இருந்து பேசிக்கொள்வதே அவற்றுக்குப் போதுமான துணை. அதனால், இரண்டாவது பறவை வாங்கும் முன்பே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ‘நிரந்தரமாக இரண்டு கூண்டு வைக்க வீட்டில் இடம் இருக்கிறதா?’ நன்கு பராமரித்தால் காக்டெய்ல் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும்.

அதேபோல, உங்கள் தோளிலேயே உட்கார்ந்திருந்த பறவை, துணை வந்த பிறகு உங்களைக் கொஞ்சம் மறக்கலாம். வருத்தமாக இருக்கும். தினமும் பத்து நிமிடம் அதனோடு மட்டும் செலவிட்டால் அந்தப் பழக்கம் விட்டுப்போகாது. முதலில் கூப்பிடுவதும் முதலில் தீனி கொடுப்பதும் எப்போதும் பழைய பறவைக்கே இருக்கட்டும். மூத்த பிள்ளைக்கு மரியாதை குறையாத வீட்டில்தான் தம்பி தங்கை சண்டையில்லாமல் வளரும்.