பெட்டியில் உறங்கும் வெள்ளி ரூபாய்: துலக்குவதற்கு முன் ஒரு பார்வை

பெங்களூரு தண்டுப் பகுதியின் பழைய வீடுகளில் வெள்ளி ரூபாய்கள் இன்றும் கிடைப்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1881இல் மைசூர் அரசு உடையார்களிடம் திருப்பி அளிக்கப்பட்டபோதும், தண்டுப் பகுதி மட்டும் ஆங்கிலேயர் நிர்வாகத்திலேயே நீடித்தது. 1947 ஜூலையில்தான் அது மைசூருடன் மீண்டும் இணைந்தது. ரிச்சர்ட்ஸ் டவுன், பிரேசர் டவுன், குக் டவுன் ஆகியவை அந்தப் பகுதியைச் சேர்ந்தவை. படையிலும் ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் பணிபுரிந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வேரூன்றின. சம்பளமாக வந்த ரூபாயில் சில செலவாகாமல் மரப்பெட்டியின் அடியில் தங்கிவிட்டன.

ரிச்சர்ட்ஸ் பூங்காவுக்கு அருகே அத்தகைய வீடொன்றுக்குச் சென்றிருந்தோம். எண்பதைக் கடந்த அம்மையார் ஒருவர் சுருக்குப்பையை அவிழ்த்து ஒன்பது நாணயங்களை மேசைமேல் பரப்பினார். அவற்றைத் தம் மூன்று பிள்ளைகளுக்கும் பங்கிட வேண்டும். அதற்குமுன் முறையாக மதிப்பிட்டு, தரச்சான்று பெற வேண்டும் என்பது அவருடைய விருப்பம். எட்டு நாணயங்கள் கறுத்திருந்தன. ஒன்று மட்டும் பளிச்சென்று மின்னியது. “பேரன் புளி போட்டுத் தேய்த்தான், எவ்வளவு அழகாக வந்துவிட்டது பாருங்கள். மற்றதையும் இந்த வாரம் தேய்த்துவிடலாம் என்றிருக்கிறோம்” என்றார். மற்ற எட்டையும் தொட வேண்டாமென்று கேட்டுக்கொண்டோம்.

அதன் காரணத்தை விளக்க, முதலில் இந்த ரூபாயின் இயல்பைச் சொல்ல வேண்டும். 1835ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா, இன்றைய கணக்கில் 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. நாட்டு மருந்துக் குறிப்புகளில் ‘ஒரு ரூபாய் எடை’ என்று வருவது இந்த எடையைத்தான். 1940இல் இந்த வெள்ளியளவு பாதியாகக் குறைந்தது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மீதியை நிரப்பின. 1947இல் வந்த ரூபாயில் வெள்ளியே இல்லை, முழுவதும் நிக்கல். ஆகவே ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த நாணயங்கள் எல்லாம் ஒரே மதிப்புடையவை என எண்ணிவிடக் கூடாது.

ஆண்டெண்ணும் ஏமாற்றும். விக்டோரியா அரசியின் முதல் ரூபாயில் 1840 என்றே இருக்கும். ஆனால் அந்த எண்ணை மாற்றாமலேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் அச்சடித்தார்கள். அரசியின் பெயர் தலைக்கு மேலே இடைவெளியின்றி ஓடினால் அது முந்தைய வகை. ஒரு சொல் இடப்புறமும் மறுசொல் வலப்புறமுமாகப் பிரிந்து நின்றால் பிந்தையது. கழுத்தின் வெட்டுவாயில் செதுக்குநர் வில்லியம் வையனின் முதலெழுத்துகள் உண்டு. சிலவற்றில் மேடாக, சிலவற்றில் பள்ளமாக. பின்புற இலைவளையத்தில் உள்ள சிறு காய்களைச் சேகரிப்பாளர்கள் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். 19, 20, 28 எனப் பலவகை உண்டு. 1862 ரூபாயின் கதையும் இதுவே. அந்த எண் 1874 வரை மாறவில்லை. பம்பாய் நாணயச்சாலை மட்டும் உண்மையான ஆண்டைக் குறிக்க மிகச்சிறு புள்ளிகளை இட்டுவந்தது. ஐந்தாம் ஜார்ஜ் காலத்திலும் பம்பாய்க்கு ஒரு புள்ளி, கல்கத்தாவுக்குக் குறியே இல்லை.

1911ஆம் ஆண்டு ரூபாயைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். மன்னரின் மார்புச் சங்கிலியில் இருந்த யானை பன்றியைப் போலத் தோன்றியதால் எதிர்ப்பு எழுந்தது. பெரும்பகுதி திரும்பப் பெற்று உருக்கப்பட்டது. மறு ஆண்டே யானையின் துதிக்கையும் காதும் தெளிவாகத் தெரியும்படி திருத்தினார்கள். இந்தப் ‘பன்றி ரூபாய்’க்கும் 1912ஆம் ஆண்டினதற்கும் உருவ வேறுபாடு அந்த ஒரு சிறு யானைதான். 1939 ரூபாய் இன்னும் அரிது. அதனாலேயே ஆண்டெண்ணைத் திருத்திய போலிகளும் உலவுகின்றன.

காய், புள்ளி, யானையின் காது. ஒரு நாணயத்தின் வகையைச் சொல்பவை அனைத்தும் மேற்பரப்பில் மயிரிழை உயரத்தில் நிற்கும் புடைப்புகள். தேய்க்கும்போது முதலில் மழுங்குபவையும் இவையே. சாம்பலும் பற்பசையும் பாத்திரத் தூளும் வெள்ளியைக் கீறும். கீறல் கண்ணுக்குத் தெரியாது. விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் இணையிணையான மெல்லிய கோடுகளாகத் தெரியும். புளியின் அமிலம் உலோகத்தையே தின்னும். சோடா உப்பும் அலுமினியத் தாளும் இட்ட வெந்நீர், கடையில் விற்கும் வெள்ளி கழுவும் திரவம் ஆகியவை கீறுவதில்லை என்பார்கள். ஆனால் அச்சடித்தபோது வெள்ளி விரிந்து ஓடியதால் உண்டான நுண்வரிகள்தான் புதுநாணயத்தின் மின்னலுக்குக் காரணம். திரவம் அந்த வரிகளின் முனையைக் கரைத்துவிடும். எஞ்சுவது சுண்ணாம்பு பூசியது போன்ற உயிரற்ற வெண்மை.

கறுப்பு என்பது அழுக்கன்று. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டான படலம் அது. சமமாகப் படிந்த பழைய படலம் தேய்க்கப்படாத நாணயத்துக்குச் சாட்சி என்பதால் சேகரிப்பாளர்கள் அதை விரும்புகிறார்கள். எங்களுக்கும் அந்த நீலம் கலந்த கறுப்பே அழகாகப் படுகிறது.

தரநிர்ணய நிறுவனங்கள் 1 முதல் 70 வரையிலான அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949இல் செம்பு நாணயங்களுக்காக வகுத்தது அது. தேய்த்துத் துலக்கிய நாணயத்துக்கு அந்த எண் கிடைப்பதில்லை. ‘துலக்கப்பட்டது’ என்ற குறிப்போடு திரும்பி வரும். கட்டணம் மட்டும் திரும்பாது. காசுமாலைக்காக வளையம் பற்றவைத்து எடுத்தவற்றுக்கும் அதே கதிதான்.

அப்படியானால் எதுவுமே செய்யக் கூடாதா? பிளாஸ்டிக் உறையிலிருந்து கசிந்த பச்சைப் பிசுபிசுப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் நாணயத்துக்குக் கேடு. அவற்றைத் தூய அசிட்டோனில் சற்றுநேரம் ஊறவிட்டு அகற்றலாம். அது வெள்ளியைத் தொடாது. நகப்பூச்சு நீக்கி அதற்கு மாற்று ஆகாது. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பு எரியும் சமையலறையில் இந்த வேலை வேண்டாம். பிறகு காய்ச்சி வடித்த நீரில் அலசி, துடைக்காமல் மெல்லிய துணிமேல் உலரவிட வேண்டும். இதற்கு மேற்பட்ட எதுவும் தேர்ந்தவர் கைக்கு உரியது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள் ஆகும். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். தரச்சான்றுக்காக என்றாலும் அஞ்சலில் இடக் கூடாது. மண்ணில் கிடைத்த புதையலோ வேறு வகை. பெங்களூரு யஷ்வந்த்பூரில் 1891இலும், எச்.ஏ.எல். விமான நிலையப் பகுதியில் 1965இலும் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போது அவ்வாறு ஏதேனும் தென்பட்டால், புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்கும் வாடிக்கையாளர்கள் ரப்பர் வளையம், கம்பளி, செய்தித்தாள் ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. கந்தகம் அவற்றிலிருந்தே வரும். மைலார் உறையும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலமும் போதும். பெட்டகத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை வங்கி அறியாது. தீ, திருட்டு அல்லது ஊழியர் மோசடியால் இழப்பு நேர்ந்தால், ரிசர்வ் வங்கியின் விதிப்படி வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான். எனவே ஒவ்வொரு நாணயத்தையும் இருபுறமும் விளிம்புமாகப் படமெடுத்து, எடையையும் வகையையும் எழுதி, அந்தப் பட்டியலைப் பெட்டகத்துக்கு வெளியே வைத்திருங்கள்.