சமாதானத்திற்குப் பகிரங்கச் சாட்சியம்

குலசேகரன்பட்டினத்தின் பெயர் இந்திய விடுதலை வரலாற்றில் இடம்பெற்றது ஒரு கொலை வழக்கின் வாயிலாகவே. 1942ஆம் ஆண்டு 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தின்போது இவ்வூர் உப்பளத்தில் லோன் என்னும் ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்டார். காசிராஜன், இராஜகோபாலன் என்னும் இரு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது குறைக்கப்பட்டது. அவ்விளைஞர்களின் நாட்டுப்பற்றை நாம் குறைத்துரைக்க வரவில்லை. வரலாறு எதனைக் குறித்து வைக்கிறது என்பதே நமது கேள்வி. ஆண்டுதோறும் முத்தாரம்மன் கோயில் தசராவிற்கு இலட்சக்கணக்கானோர் வேடமணிந்து வந்து கூடும் இதே ஊரில்தான் பள்ளிவாசலின் பாங்கொலியும் ஐவேளையும் ஒலித்து வருகிறது. இதனை எவரும் எழுதி வைப்பதில்லை. கலகம் நடந்தால் அதற்கு வழக்கு எண் உண்டு; நடவாமற் போன கலகத்திற்கு ஏது எண்?

ஃபிக்ஹு நூல்களில் சமாதானத்திற்கெனத் தனிப் பாடமே உண்டு. மனிதரிடையே இணக்கம் ஏற்படுத்துவது நோன்பு, தொழுகை, தருமம் ஆகியவற்றினும் சிறந்த படித்தரமுடையது என்னும் கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை அபூதாவூத் (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். பிணங்கிய இருவரைச் சேர்த்து வைப்பதற்காக நல்லதைக் கூட்டிச் சொல்பவர் பொய்யர் ஆகமாட்டார் என்பதும் ஹதீஸின் கருத்தே. இத்தகைய இணக்க முயற்சிகள் பெரும்பாலும் திண்ணையிலும் அறைக்குள்ளும் நடப்பவை. அந்த மறைவிற்கு ஒரு கண்ணியம் உண்டு. தோற்றவர் முகம் அதில் காக்கப்படுகிறது. ஆயினும் வதந்தி வீதிக்கு வந்துவிட்ட பின்னர் அறைக்குள் இருக்கும் சமாதானம் போதுமா?

நாம் இளமையில் பணியாற்றிய ஓர் ஊரில் ஒருநாள் இரவு அப்படியொரு வதந்தி கிளம்பியது. கதவைச் சாத்திக்கொண்டு நமது இளைஞர்களை அமைதிப்படுத்தினோம். அதே நேரத்தில் அடுத்த தெருவின் பெரியவர்களும் கோயில் மண்டபத்தில் தம் பிள்ளைகளை அடக்கிக்கொண்டிருந்தார்கள். இதனை நாம் அறிந்தது பல மாதங்கள் கழிந்த பின்னரே. இடையில் இரு தெருவாரும் ஒருவரையொருவர் அஞ்சி உறக்கமிழந்ததுதான் மிச்சம். சமாதானத்தை விரும்பியவர்களே இருபுறமும் மிகுதி. ஆனால் தாம் மட்டுமே அதனை விரும்புவதாக ஒவ்வொருவரும் எண்ணியிருந்தனர். அன்று விளக்கொன்றை ஏந்திக்கொண்டு நாற்சந்தியில் போய் நின்றிருக்கலாமே என்னும் எண்ணம் நம்மை இன்னும் விட்டபாடில்லை.

நபித்துவத்திற்கு முந்திய மக்காவில் ஃபிஜார் போர் ஓய்ந்திருந்த காலம். யமன் நாட்டு ஸபீதிலிருந்து வந்த வணிகரிடம் சரக்கை வாங்கிக்கொண்ட ஆஸ் இப்னு வாயில் விலையைத் தர மறுத்தான். வணிகர் குறைஷிக் கிளையார் பலரிடம் தனித்தனியே முறையிட்டார், எவரும் செவிசாய்க்கவில்லை. பின்னர், குறைஷியர் கஅபாவைச் சுற்றி அமர்ந்திருக்கும் காலை வேளையில் அபூகுபைஸ் மலைமீதேறி உரக்க முறையிட்டார். ஸுபைர் இப்னு அப்துல் முத்தலிப் முதலில் எழுந்தார். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் 'ஹில்ஃபுல் ஃபுளூல்' உடன்படிக்கை உருவாயிற்று. வணிகருக்கு உரியது கிடைத்தது. ஏறத்தாழ இருபது வயதில் அதில் கலந்துகொண்ட நபிகளார் (ஸல்), இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய ஒப்பந்தத்திற்கு அழைக்கப்பட்டால் இணங்குவதாகக் கூறினார்கள். தனித்தனியே கேட்டபோது மறுத்த ஊர், பலர் முன்னிலையில் கேட்டபோது விழித்தது. முறையிட்டவரோ அவ்வூரில் குலபலம் எதுவுமற்ற அயலார்.

நமது காலத்தில் மேற்கு வங்காளத்து ஆசன்சோலில் ஒருவர் அவ்வாறு நின்றார். 2018 மார்ச்சில் இராமநவமியையொட்டி எழுந்த கலவரத்தில், நூரானி பள்ளிவாசல் இமாம் மௌலானா இம்தாதுல் ரஷீதியின் பதினாறு வயது மகன் கொல்லப்பட்டான். பத்தாம் வகுப்புத் தேர்வெழுதிய பிள்ளை. ஜனாஸாவிற்கு ஆயிரக்கணக்கானோர் ஈத்கா மைதானத்தில் திரண்டனர். கூட்டத்தின் மனநிலையைச் சொல்ல வேண்டியதில்லை. மகனை இழந்த அத்தந்தை அவர்கள் முன் நின்று, எவரேனும் பழிவாங்கப் புறப்பட்டால் தாம் பள்ளிவாசலையும் ஊரையும் விட்டே போய்விடுவதாக அறிவித்தார். பல்லாண்டுகள் அவ்வூரில் இமாமத் செய்தவரிடம் பணயம் வைக்க அதுவன்றி வேறென்ன இருந்தது? அக்கூட்டம் கலைந்து சென்றது. அடைத்த அறைக்குள் அவர் சொல்லியிருந்தால் கேட்டவர் பத்துப்பேராக இருந்திருப்பர்; ஏனையோர் வதந்தியையே நம்பியிருப்பர்.

எப்பொழுதும் இவ்வாறு பலிக்கும் என்று நாம் சொல்லத் துணியோம். 1946 சூலை 1 அன்று அகமதாபாத்தில் இரதயாத்திரையின்போது மூண்ட கலவரத்தைத் தடுக்க வசந்தராவ் ஹெகிஷ்டே, ரஜப் அலி லக்கானி என்னும் இரு நண்பர்கள் வீதியில் இறங்கினர். ஒருவர் இந்து, மற்றவர் முஸ்லிம். இருவருமே அன்று வெறியர்களால் கொல்லப்பட்டனர். கலவரம் அவர்களுக்காக நிற்கவுமில்லை. எனினும் அந்நகரில் இருவருக்கும் சேர்த்தே நினைவிடம் அமைந்துள்ளது. சூலை முதல் நாளில் இரு சமயத்தாரும் அவர்களை நினைத்துக் கூடுகின்றனர்.