கோப்பில் வரும் கொடுமை

டீ வருவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொடுமை என்றதும் நமக்கு மீசை முறுக்கும் சினிமா வில்லன்தான் நினைவுக்கு வருகிறான். அதனால்தான் நிஜக் கொடுமை வரும்போது அடையாளம் தெரிவதில்லை. அது பெரும்பாலும் கையெழுத்தோடும் முத்திரையோடும் வரும். சென்னை மூலக்கொத்தளம் இடுகாட்டில் உட்கார்ந்து பேசுவதால், சாட்சிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

முதலில் போரை எடுத்துக்கொள்ளுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு வீசியது; பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் எரிந்தன. செத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஊர் அதை இன்னும் மறக்கவில்லை. உயர் நீதிமன்ற மதிலில் கல்வெட்டே இருக்கிறது.

தாது வருஷப் பஞ்சத்துக்கு அந்த நினைவு கிடைக்கவில்லை. 1876 முதல் 1878 வரை இந்தியாவில் 50 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். சென்னை மாகாணம் அதில் மிக மோசமாக அடிபட்டது. தானியம் அப்போதும் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. சந்தையில் கைவைக்கக் கூடாது என்பது வைசிராய் லிட்டனின் கொள்கை. நிவாரணச் செலவைக் குறைக்க அவர் அனுப்பிய ஆள் ரிச்சர்ட் டெம்பிள்.

இந்த டெம்பிளைக் கவனியுங்கள். 1874இல் பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துச் சாவைத் தடுத்தவர் இவர்தான். அதற்குக் கிடைத்த பரிசு, ‘ஊதாரி’ என்ற திட்டு. அந்தப் பெயரைக் கழுவிக்கொள்ள, 1877இல் இங்கே நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். இந்தக் கூலியில் உடம்பு தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் போராடினார். டெம்பிள் அரக்கரல்ல, கணக்கைச் சரிக்கட்டிய அதிகாரி. அவர் விதித்த கூலியில் வாடிச் செத்தவர்களைக் கொன்றது யார் என்று கேட்டால், விரல் நீட்ட ஆள் அகப்படாது.

பக்கத்தில் பேசின் பிரிட்ஜ் வழியாகப் போகிறதே பக்கிங்காம் கால்வாய், அதில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் துண்டு அந்தப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டியதுதான். பெயர் மட்டும் கவர்னருடையது.

அரசியலுக்குச் சாட்சி இந்த இடுகாட்டிலேயே இருக்கிறது. 1938இல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. மறியல் செய்தவர்கள் மேல் பாய்ச்சியது எந்தச் சட்டம் தெரியுமா? வெள்ளைக்காரன் காங்கிரஸ்காரர்களை உள்ளே தள்ளப் பயன்படுத்திய அதே குற்றவியல் திருத்தச் சட்டம். அப்படிச் சிறைக்குப் போனவர்களில் ஒருவர் நடராசன். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் வெளியே போகலாம் என்றார்கள், அவர் மறுத்தார். கைதியாகவே நோய்ப்பட்டு, 1939 ஜனவரி 15 அன்று ஆஸ்பத்திரியில் இறந்தார். இரண்டு மாதத்தில் கும்பகோணத்துத் தாளமுத்துவும் போனார். இருவரையும் அடக்கம் செய்தது இங்கேதான். இங்கேயும் யாரும் கத்தி எடுக்கவில்லை. ஒரு சட்டப் பிரிவு, ஒரு சிறைத் தண்டனை, ஒரு மன்னிப்புக் கடிதத்துக்கான காத்திருப்பு, அவ்வளவுதான்.

கடைசியாக நாடகம். பஞ்சம் தொடங்கிய அதே 1876இல்தான் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது. வெள்ளைக்காரரை மேடையில் தோலுரித்த வங்காள நாடகங்கள் அரசுக்குப் பொறுக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு, 1954இல், எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகத்தை அடக்க இங்கேயும் ஒரு நாடகச் சட்டம் போட்டார்கள். எழுத்தாளர் ஞாநி வழக்குப் போட்டு, 2013இல்தான் உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைத் தூக்கி எறிந்தது. நாடகம் யாரையும் பட்டினி போடவில்லை, சிறையில் தள்ளவில்லை. பிறகேன் பயம்? கோப்பில் முகமில்லாமல் இருக்கும் கொடுமைக்கு மேடை ஒரு முகத்தை மாட்டிவிடும். அதிகாரத்துக்குப் பொறுக்காதது அதுதான்.

ஆகவே, ‘சிக்கனம்’, ‘ஒழுங்கு’, ‘விதிமுறை’ என்று ஓர் உத்தரவு வந்தால், அதைப் போட்டவர் நல்லவரா கெட்டவரா என்று ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். அதன் கடைசி வரியில் நிற்பவர் தட்டில் எவ்வளவு விழுகிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விடாதீர்கள், சத்தமாகக் கேளுங்கள்.