எழுந்து போகும் முன் லாக்கரை மூடுங்க!

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிஃப்ட் முடிச்சு, நாலு பேர் சேர்ந்து தங்குற ரூமுக்கு வர்றீங்க. எல்லாருக்கும் ஒரே லேப்டாப். அதுலதான் உங்க ஃபார்ம் 16, பிஎஃப் பாஸ்புக், பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் இருக்கு.

உபுண்டு வச்சிருக்கறவங்க இதையெல்லாம் 'பிரைவேட்' ஃபோல்டர்ல பூட்டி வைக்கலாம். 2008-ல வந்த உபுண்டு 8.10-லயே ஈகிரிப்ட்எஃப்எஸ் மூலமா இந்த வசதி வந்தாச்சு. ஆனா நீங்க லாகின் பண்ணதுமே அது தானா திறந்துக்கும். அப்படியே விட்டுட்டு டீ குடிக்கப் போனா, லாக்கரைத் திறந்து வச்சிட்டுப் போன மாதிரிதான்.

மூடுவது எப்படி?

டெர்மினல்ல 'ஈகிரிப்ட்எஃப்எஸ்-யூமவுண்ட்-பிரைவேட்' கொடுங்க. 'யூமவுண்ட்'ல யூ-வுக்கு அப்புறம் 'என்' கிடையாது, கவனம். அட்மின் அனுமதி தேவையில்லை. சாதாரண யூசரே மூடலாம்.

மூட மாட்டேங்குதா?

உள்ளே ஏதோ ஒரு பிடிஎஃப் திறந்திருக்கலாம். இல்லைன்னா டெர்மினலே அந்த ஃபோல்டருக்குள்ள நிக்கலாம். பிடிஎஃபை மூடிட்டு, 'சிடி' அடிச்சு வெளியே வந்து மறுபடி கொடுங்க. ஃபோல்டர்ல உங்க ஃபைல் எதுவும் தெரியலைன்னா, பூட்டியாச்சு.

முக்கியமான விஷயம்

வேற யாராவது அட்மினா உங்க லாகின் பாஸ்வேர்டை மாத்திட்டா, ஃபோல்டர் தானா திறக்காது. அப்போ மவுண்ட் பாஸ்ஃபிரேஸ் கைகொடுக்கும். 'ஈகிரிப்ட்எஃப்எஸ்-அன்ராப்-பாஸ்ஃபிரேஸ்' கொடுத்தா அது தெரியும். பேப்பர்ல எழுதி, இன்சூரன்ஸ் பாண்டோட பத்திரமா வைங்க. அந்த லேப்டாப்லயே சேமிக்காதீங்க!

கட்டளைகளோட ஸ்பெல்லிங்கை வீடியோவுல திரையில பாருங்க.