எண்ணெயிற் கலப்படம் அறியும் இரசாயனப் பரீட்சைகள்

எண்ணெயைப்போல் எளிதிற் கலப்படத்திற்கு இடங்கொடுக்கும் உணவுப்பொருள் வேறொன்றைக் காண்பது அரிது. அரிசியிற் கல் இருந்தால் முறம் காட்டிவிடும். ஓர் எண்ணெயுடன் மற்றோர் எண்ணெய் சேர்ந்துவிட்டாலோ இரண்டும் ஒன்றாகிக் கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. மோந்து பார்த்தும், உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தும் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் கிராமங்களில் உண்டு. செக்கெண்ணெயின் மணத்தைப் பழகி அறிந்த மூக்கு பயனுள்ளதே. ஆயினும் நூற்றுக்கு ஒரு பங்கு கலந்துள்ள நச்செண்ணெயை அது அறியாது. அதற்கு இரசாயனப் பரீட்சையே வேண்டும். ஒவ்வொரு பரீட்சையும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை கூறும் என்பதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். இதை மறந்தால் நஞ்சு தப்பிவிடலாம். குற்றமற்றவன் பழி சுமக்கவும் நேரலாம்.

மாதிரி எடுத்தல்

டின்னிலோ பீப்பாயிலோ உள்ள எண்ணெயை நன்றாகக் கலக்கியபின், உலர்ந்த சுத்தமான கண்ணாடிப் புட்டியில் மாதிரி எடுக்கவேண்டும். கண்முன்னே வித்தை ஆட்டி எடுத்த சுத்த எண்ணெயையும் அதே முறையிற் பரீட்சித்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது அவசியம். இங்குக் கூறப்படும் திராவகங்கள் தோலையும் கண்ணையும் எரிப்பவை. ஆகையால் இவற்றைப் பரீட்சைச் சாலையிற் பயின்றவர்களே கையாள வேண்டும். வீட்டு அடுப்பங்கரை இதற்கு இடமன்று.

நல்லெண்ணெயை அறிதல்

5 மில்லிலிட்டர் எண்ணெயுடன் அதே அளவு அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் திராவகமும், சில துளி பர்ப்யூரால் கரைசலும் சேர்த்து இரண்டு நிமிஷம் குலுக்கி வைத்தால், அடியில் தங்கும் திராவகம் செந்நிறம் அடையும். பர்ப்யூராலுக்குப் பதிலாகச் சிறிது சர்க்கரை இட்டாலும் திராவகம் சர்க்கரையைச் சிதைத்துப் பர்ப்யூராலை உண்டாக்கிக்கொள்ளும். இதற்குப் பொடுவான் பரீட்சை என்று பெயர். வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்குக்குக் குறையாமல் நல்லெண்ணெய் சேர்க்கவேண்டுமென்று உணவுக் கலப்படத் தடை விதிகள் கட்டளையிட்டதன் காரணம் இதுவே. வனஸ்பதி கலந்த நெய் இப்பரீட்சையிற் சிவந்து தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்.

ஆனால் சிவப்பு நிறம் நல்லெண்ணெய் உண்டு என்பதை மட்டுமே தெரிவிக்கும். பாதிக்குப் பாதி நிலக்கடலை எண்ணெய் கலந்த நல்லெண்ணெயும் சிவக்கத்தான் செய்யும். ஆகவே இதனைக்கொண்டு, “இது சுத்த நல்லெண்ணெய்” என்று சான்று கூறலாகாது. சில செயற்கைச் சாயங்கள் திராவகம் பட்ட மாத்திரத்தில் சிவப்பாகும் இயல்புடையவை; எனவே திராவகத்தை மட்டும் சேர்த்து ஒரு தனிப் பரீட்சையும் செய்துகொள்ள வேண்டும்.

பருத்திக்கொட்டை எண்ணெயை அறிதல்

எண்ணெய், அமைல் ஆல்கஹால், நூற்றுக்கு ஒரு பங்கு கந்தகம் கரைந்த கார்பன் டைசல்பைடு ஆகிய மூன்றையும் சம அளவிற் கலந்து, கொதிக்கும் உப்புநீரில் வைத்துச் சூடாக்கினால் சிவப்பு நிறம் தோன்றும். இது ஹால்பென் பரீட்சை. கார்பன் டைசல்பைடு மிக எளிதில் தீப்பற்றுமாதலால் அருகில் நெருப்பு கூடாது.

இப்பரீட்சையில் குடியானவர்கள் அறியவேண்டிய விசேஷம் ஒன்றுண்டு. இலவங்கொட்டை எண்ணெயும் இதே நிறத்தைக் கொடுக்கும். பருத்திக்கொட்டை தின்ற மாட்டின் நெய்யும் கலப்படம் ஏதுமின்றியே சிவக்கக்கூடும். கறவை மாட்டுக்கு நல்ல தீனி வைத்தவனைக் கலப்படக்காரன் என்று தூற்றுவது நியாயமாகாது. மறுபுறம், மிகுந்த சூட்டிற்கு உட்பட்ட பருத்திக்கொட்டை எண்ணெய் நிறம் காட்டாமல் தப்பிவிடும்.

தாது எண்ணெயை அறிதல்

இயந்திரங்களுக்கு இடும் தாது எண்ணெய்க்கு மணமும் சுவையும் இல்லாதவாறு சுத்திகரிக்கப்பட்ட வகைகளும் உண்டு. ஒரு மில்லிலிட்டர் எண்ணெயை, ஆல்கஹாலிற் கரைத்த பொட்டாஷ் காரத்துடன் கொதிக்க வைத்துப் பின் கொதிநீர் வார்க்கவேண்டும். வித்துக்களின் எண்ணெய் காரத்துடன் சேர்ந்து சோப்பாகி நீரிற் கரைந்து தெளிவாக இருக்கும். தாது எண்ணெய் சோப்பாவதில்லை. ஆதலால் கலவை கலங்கித் தோன்றும்.

பிரமதண்டு நஞ்சு

கலப்படங்களுள் மிகக் கொடியது பிரமதண்டு எண்ணெய். மஞ்சட் பூவும் முள்ளிலையும் மஞ்சட் பாலும் உடைய இச்செடி மெக்ஸிகோவிலிருந்து வந்து, நம் தரிசுகளிலும் பாதையோரங்களிலும் பரவியுள்ளது. இதன் விதை கடுகைப்போல் இருப்பதால், கடுகெண்ணெய் உண்ணும் வட இந்தியாவிலும் வங்காளத்திலும் இதனால் பெருந்துன்பம் விளைந்தது. கால் வீங்கி, மூச்சுத் திணறி, இருதயம் தளரும் இந்நோய் 1877-இல் கல்கத்தாவில் முதன்முதலாகப் பதிவாயிற்று. 1998-இல் டில்லியில் 60-க்கு மேற்பட்டோர் இதனால் மாண்டனர். சாங்குவினரின் என்னும் நச்சுப்பொருளே இதற்குக் காரணம்.

5 மில்லிலிட்டர் எண்ணெயுடன் அதே அளவு அடர்ந்த நைட்ரிக் திராவகம் சேர்த்து மெல்லக் குலுக்கி வைத்தால், நஞ்சு இருப்பின் திராவகப் பகுதி ஆரஞ்சு மஞ்சள் முதல் செந்நிறம் வரை மாறும். மிகச் சிறிய அளவை இது காட்டாது. பிற காரணங்களாலும் நிறம் தோன்றலாம். ஆகவே பகுப்பாய்வுச் சாலையில் நுண்ணிய முறைகளால் உறுதி செய்துகொள்ள வேண்டும். முடிவு வரும்வரை ஐயத்திற்குரிய எண்ணெயை ஒருவரும் உண்ணலாகாது.

செய்யத்தக்கவை

சென்னை மாகாணத்தில் 1918-இலேயே கலப்படத் தடைச் சட்டம் பிறந்தது. 1954-இல் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துள்ளது. இச்சட்டப்படி உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரியை நான்கு பகுதிகளாக்கி முத்திரையிடுவார். கிராம அதிகாரிகள் தாமே தண்டிக்க முற்படாமல் அவருக்குத் தெரிவிப்பதே முறை. பொருளை வாங்கியவரும், பகுப்பாய்வுக்கு அனுப்பப் போவதை விற்பவருக்கு அப்பொழுதே அறிவித்து, கட்டணம் செலுத்திச் சோதிக்கச் செய்யலாம்; குற்றம் வெளிப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

நிலமுடையோர் திராவகமின்றியே செய்யத்தக்க காரியமும் உண்டு. கடுகு வழுவழுப்பாகவும் நசுக்கினால் உள்ளே மஞ்சளாகவும் இருக்கும். பிரமதண்டு விதை சொரசொரப்பாகவும் உள்ளே வெண்மையாகவும் இருக்கும். விதையை இவ்வாறு பார்த்து வாங்குக. வயலிலும் வரப்பிலும் களத்தைச் சுற்றியும் முளைக்கும் பிரமதண்டைக் காய் முற்றுமுன் வேரோடு களைந்தெறிக. காய் வெடித்து விதை சிந்தியபின் அதைத் தேடிப் பொறுக்குதல் எவராலும் இயலாது.